இரண்டு விரல் தளர்வு

(மாவட்டத் தலைநகர் ஒன்றின் திரைப்படச் சங்கக் கூட்டத்தில், பழைய 35 எம்.எம். புரொஜக்டரை மேடையில் நிறுத்தி, ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னை அழைத்தவர்கள் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். எனக்கு மணிக்கணக்கு வராது, ரீல் கணக்குத்தான் வரும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஓட பதினோரு நிமிடம். ஆக மூன்று ரீல் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது விசில் அடித்தால் கோபப்பட மாட்டேன். 1974 முதல் 2012 வரை முப்பத்தெட்டு வருஷம் அதைக் கேட்டுத்தான் சோறு சாப்பிட்டேன்.

பக்கத்தில் நிற்கிற இந்த மெஷின், பூட்டிப்போன ஒரு தியேட்டரிலிருந்து எடைக்குப் போக இருந்தது. சங்கத்து நண்பர்கள் இரும்பு விலை கொடுத்துக் காப்பாற்றினார்கள். விளக்குப் பெட்டிக்குள் வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சி இல்லை. கார்பன் எரித்தால் புகைபோக்கி வேண்டும், இந்த மண்டபத்தில் அது முடியாது. அதனால் ஆயிரம் வாட் ஹாலஜன் பல்பு ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அசல். பேசிக்கொண்டே இதில் படம் மாட்டப் போகிறேன். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் ஓடாது.

முதலில் பிலிமைப் பாருங்கள். இரண்டு ஓரமும் துளைகள். ஒரு படத்துக்கு ஒரு பக்கம் நான்கு துளை. ஒரு அடியில் பதினாறு படம். நொடிக்கு 24 படம் என்றால் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி. இரண்டரை மணி நேரப் படம் பதிமூவாயிரத்து ஐந்நூறு அடி வரும். அதாவது இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் படங்கள், ஒவ்வொன்றும் கேட் என்கிற இந்தக் கதவுக்குப் பின்னால் நின்று நின்று போகவேண்டும். படம் தொடங்குமுன் தணிக்கைச் சான்றிதழ் காட்டுவார்களே, பிலிம் காலத்தில் அதில் நீளமும் ரீல் எண்ணிக்கையும் எழுதியிருக்கும். ஜனம் அதில் படத்தின் பெயரைப் படிக்கும். நாங்கள் நீளத்தைப் படிப்போம். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இரண்டாவது ஆட்டம் விடுமா என்பது அந்த எண்ணில் இருந்தது.

பிலிமைத் தலைகீழாக மாட்டவேண்டும். லென்ஸ் அதைத் திருப்பிப் போட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். மங்கலான பக்கம் விளக்கைப் பார்க்கவேண்டும், பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கவேண்டும். இருட்டில் எது மங்கல் எது பளபளப்பு என்று எப்படித் தெரியும்? உதட்டில் வைத்துப் பார்ப்போம். மருந்து பூசிய பக்கம் ஈரத்தில் லேசாக ஒட்டும். என் உதடு தொட்டுப் பார்க்காத நடிகரே அந்தக் காலத்தில் கிடையாது என்று என் மனைவியிடம் ஒருமுறை சொல்லப் போய், இரண்டு நாள் சாப்பாடு கேபினுக்கு வரவில்லை.

சரி, மேல் பெட்டியில் ஸ்பூலை மாட்டியாயிற்று. பெட்டியின் வாயில் நெருக்கமாக இரண்டு சின்ன உருளைகள் தெரிகிறதா? இவற்றின் வழியாகத்தான் பிலிம் வெளியே வரும். இவை தீ தாண்டாமல் இருப்பதற்காக வைத்தவை. பழைய பிலிம் நைட்ரேட்டில் செய்தது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். 1951ல் கோடாக் கம்பெனி அந்த வகையை நிறுத்திவிட்டது. நான் வேலைக்கு வந்தபோது எல்லாம் எளிதில் தீப்பிடிக்காத பிலிம்தான், ஆனால் மெஷினும் கேபினும் நைட்ரேட்டுக்குப் பயந்தே கட்டியவை. இரும்புக் கதவு, சுவரில் சின்ன ஓட்டை, அதன் மேல் கயிற்றை விட்டால் விழுகிற தகடு. 1897 மே மாதம் பாரீஸில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டும்போது, விளக்குக்கு ஈதர் ஊற்றப் போய் நெருப்புப் பற்றி நூற்றிருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆபரேட்டரை ஜனத்திடமிருந்து பிரித்துத் தனியறையில் அடைக்கிற வழக்கம் அப்படிப்பட்ட விபத்துகளிலிருந்து வந்தது. அதனால்தான் எங்கள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் மட்டும் தெரியும். அதுவும் நாங்கள் திட்டு வாங்கும்போது திருப்பித் திட்டுகிற குரல்.

இப்போது பிலிமை மேல் பல்சக்கரத்தில் ஏற்றுகிறேன். பதினாறு பல். ஒரு சுற்றுக்கு நாலு படம், நொடிக்கு ஆறு சுற்று. இது நிற்காமல் ஒரே சீராகச் சுற்றும். அப்படியே கீழே பாருங்கள், கேட்டுக்கு அடியில் இன்னொரு சக்கரம். இதற்கும் பதினாறு பல்தான். ஆனால் இது சுற்றாது, துள்ளும். கால் சுற்று துள்ளி நிற்கும், மறுபடி கால் சுற்று துள்ளி நிற்கும். நொடிக்கு இருபத்து நாலு துள்ளல். கையால் மெதுவாகச் சுற்றுகிறேன், பாருங்கள். டக். டக். டக். இதற்குப் பின்னால் எண்ணெய்க்குள் முங்கிக்கிடப்பதுதான் மால்டீஸ் கிராஸ். சிலுவை மாதிரி நாலு பள்ளம் வெட்டிய எஃகுத் துண்டு. சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு முளை அந்தப் பள்ளத்தில் நுழைந்து கால் சுற்றுத் தள்ளிவிட்டு வெளியே வரும், அடுத்த சுற்றில் திரும்ப வந்து தள்ளும். ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரத்தில் கால் பங்கு நகர்வதற்கு, முக்கால் பங்கு நிற்பதற்கு.

படம் ஏன் நிற்கவேண்டும் என்று கேட்பீர்கள். கோயில் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. சந்நிதிக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்றால்தான் தரிசனம். நகர்ந்துகொண்டே பார்த்தால் சாமியும் தெரியாது தீபமும் தெரியாது. ஆகவே அந்த ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, 'நகருங்க, நகருங்க' என்று தள்ளிவிட ஒருவர் இருப்பார். அவர்தான் மால்டீஸ் கிராஸ். இனி, அலங்காரம் மாற்றும்போது திரை போடுவார்கள் இல்லையா? மாற்றுவதை நாம் பார்க்கக் கூடாது. அந்தத் திரைக்கு இங்கே ஷட்டர் என்று பெயர். படம் நகர்கிற நேரத்தில் இந்தத் தகடு குறுக்கே வந்து வெளிச்சத்தை மறைக்கும். ஒரு தகடு போதாதா என்றால், போதாது. நொடிக்கு 24 முறை மட்டும் இருட்டினால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும், திரை படபடக்கும். அதனால் படம் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு தகடு ஒருமுறை வீணாக மறைத்துவிட்டுப் போகும். நொடிக்கு 48 மின்னல் ஆனபிறகு கண் தோற்றுவிடுகிறது. இரண்டு தகடும் சேர்ந்து பாதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் காசு கொடுத்துப் பார்த்த இரண்டரை மணி நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் திரையில் ஒன்றுமே இல்லை. எந்த ரசிகரும் அதற்காகப் பாதிக் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

ஷட்டர் ஒரு நூல் முந்தினாலோ பிந்தினாலோ திரையில் தெரிந்துவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது பார்க்கவேண்டும். எழுத்துக்கு மேலேயோ கீழேயோ ஆவி பறக்கிற மாதிரி வெள்ளைக் கோடு இழுக்கும். படம் ஆரம்பித்து டைட்டில் ஓடுகிற மூன்று நிமிடம் எங்களுக்கு அந்தப் பரிசோதனைக்குத்தான். இன்றைக்கும் டைட்டிலை நான் படிப்பதில்லை, எழுத்தின் காலைத்தான் பார்க்கிறேன்.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். மேல் சக்கரம் சீராகச் சுற்றுகிறது. நடுச் சக்கரம் துள்ளுகிறது. பிலிமோ ஒரே துண்டு. மேலே சீராக வருவதை நடுவில் வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? துளை கிழியும். ஆரம்ப காலத்தில் அப்படித்தான் கிழிந்தது. 1895ல் பாரீஸில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்கள் ஐம்பது அடி அளவுதான், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கனமில்லாத சின்னச் சுருள் என்பதால் தாங்கியது. அதே வருஷம் நியூயார்க்கில் லேதம் குடும்பத்தார் குத்துச்சண்டையை நீளமாகப் படம் எடுத்துக் காட்ட ஆசைப்பட்டார்கள். நீளமான சுருள் கனமாக இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். அதற்கு அவர்கள் பட்டறையில் கண்ட வழி, கேட்டுக்கு முன்னால் பிலிமைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுவிடுவது. துள்ளுகிற சக்கரம் சுருளை இழுக்காது, இந்தத் தொளதொளப்பை மட்டும் இழுக்கும். அதற்குள் மேல் சக்கரம் இன்னொரு படத்தைக் கொண்டுவந்து நிரப்பிவிடும். யார் மூளையில் உதித்தது என்று அவர்களுக்குள் பின்னால் சண்டை. ஆனால் பெயர் லேதம் லூப் என்றே நின்றுவிட்டது.

லூப்! இந்த வார்த்தையை என் குருநாதர் வாயால் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். திருநெல்வேலிச் சீமையில் ஒரு டூரிங் டாக்கீஸில் அவருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பீடியும் வெற்றிலையும் இல்லாமல் அவரைப் பார்த்தது, அவர் மெஷினைத் துடைக்கும்போது மட்டும்தான். சேர்ந்த முதல் மாதம் முழுக்க ரீவைண்ட் சுற்றுவதும் கார்பன் துண்டு பொறுக்குவதும்தான் வேலை. பிறகு ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏலே, இங்க வா. இன்னைக்கு நீ மாட்டு."

மாட்டினேன். கேட்டுக்கு மேலே எவ்வளவு தொளதொளப்பு விடுவது என்று குனிந்து குனிந்து பார்த்தேன். அவர் எட்டி கேபின் விளக்கை அணைத்துவிட்டார்.

"கண்ணால வைக்காதலே, விரலால வை. ரெண்டு விரல் உள்ள போகணும், மூணாவது விரல் போகப்பிடாது."

அதுதான் எனக்குக் கிடைத்த பாடம். பெரிய பாடப் புத்தகத்தில் இதை அங்குலத்தில் எழுதியிருப்பார்கள். அண்ணாச்சி விரல் அளவு சொன்னார். என் விரல் அவர் விரலைவிட மெலிசு. அதனால் முதல் சில நாள் லூப் சிறிதாகிப்போய் மெஷின் கரகரவென்று அழுதது. அப்புறம் அவரே என் விரலைப் பிடித்துப் பார்த்து, 'ஒனக்கு ரெண்டரை' என்று திருத்தினார். லூப் பெரிதாகிப்போனால் பிலிம் பெட்டித் தகட்டில் உரசி, படம் முழுக்கக் கீறல் விழும். சிறிதாகிப்போனால் துளை கிழியும். இந்த மெஷினில் எல்லாமே எஃகு, எல்லாமே அளவெடுத்து அச்சில் வார்த்தது. இந்த ஒரு இடத்தை மட்டும் கம்பெனிக்காரன் கட்டிக்கொடுக்க முடியவில்லை. அதை ஒவ்வொரு காட்சிக்கும், ஒவ்வொரு ரீலுக்கும், ஒரு மனிதன் தன் விரலால் வைக்கவேண்டியிருந்தது. 16 எம்.எம். மெஷின் சிலவற்றில், ஓடும்போது லூப் விட்டுப்போனால் தானே திருத்திக்கொள்கிற சின்னக் கருவி இருந்தது. எங்கள் 35க்கு அந்தச் சொகுசெல்லாம் இல்லை.

லூப் விட்டுப்போவது என்றால் என்ன? முந்தின ஊரில் யாரோ மோசமாக ஒட்டிய இணைப்பு கேட்டில் ஒரு நொடி சிக்கும். அடியில் சீராகச் சுற்றுகிற கீழ்ச் சக்கரம் அதற்குள், கேட்டுக்குக் கீழே விட்ட இன்னொரு லூப்பைத் தின்றுவிடும். உடனே திரையில் படம் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறும். எனக்கு அது முதன்முதலில் நடந்தது ஓர் அம்மன் படத்தில். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நாயகிக்குச் சாமி வந்து ஆடுகிற இடம். சரியாக அங்கே லூப் போயிற்று. திரையே நடுங்குகிறது. தரை டிக்கெட்டில் பெண்கள் எழுந்து கைகூப்பிவிட்டார்கள், குலவைச் சத்தம் வேறு. நான் அலறியடித்துக்கொண்டு மெஷினை நிறுத்தி, லூப்பைச் சரியாக வைத்து மறுபடி ஓட்டினேன். படம் ஆடாமல் அசையாமல் தெளிவாக வந்தது. அப்போதுதான் விசில் அடித்தார்கள்.

மேல் லூப் வைத்தாயிற்று. கேட்டுக்குள் பிலிமை நெளிவில்லாமல் பதித்துக் கதவை மூடுகிறேன். இந்த இரண்டு ஓடுபாதைகளும் பிலிமை லேசாக அழுத்தும். அழுத்தம் குறைந்தால் திரையில் படம் ஆடும். கூடினால், முக்கியமாகப் புது பிரிண்டில், மருந்து சுரண்டி இங்கே கறுப்பாகப் படிந்து கல்லாகிவிடும். அதைப் பித்தளைச் சுரண்டியால்தான் எடுக்கவேண்டும். அவசரத்துக்கு பிளேடு போட்ட ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எடுத்த கறையைவிட, போட்ட கோடு அதிக நாள் இருந்தது.

பிலிமைத் துளை பார்த்து மாட்டினால் போதாது, படம் பார்த்து மாட்டவேண்டும். இரண்டு துளை தள்ளி மாட்டினால் திரையில் பாதிப் படம் மேலே, பாதிப் படம் கீழே வரும். நாயகனின் கால் மேலே, தலை கீழே, நடுவில் கறுப்புக் கோடு. 'டேய் ஆபரேட்டர், தூங்குறியா!' என்ற அர்ச்சனை அப்போது வரும். இந்தக் குமிழைத் திருகினால் சரியாகிவிடும். சில சமயம் அர்ச்சனை வராவிட்டால் எனக்குக் கவலையாக இருக்கும். ஜனமே தூங்கிவிட்டது என்று அர்த்தம்.

இனி கீழ் லூப். இது மேல் லூப்பைவிடக் கறாரானது. காரணம் ஒலி. பாருங்கள், பிலிமின் ஓரத்தில் மெல்லிய கோடு நெளிந்து நெளிந்து போகிறதே, அதுதான் பாட்டு, வசனம், எல்லாம். எக்ஸைட்டர் என்கிற சின்ன விளக்கின் ஒளி இந்தக் கோட்டின் வழியாக போட்டோ செல்லில் விழும்போது ஒலியாக மாறும். படம் துள்ளித் துள்ளிப் போகிற இடத்தில் ஒலியை எடுக்க முடியாது, பாட்டு திக்கும். ஆகவே துள்ளல் அடங்கிச் சீராகப் போகிற இடத்தில், கீழே இருக்கும் இந்த கனமான உருளை மேல் ஒலியை எடுக்கிறார்கள். அதனால் படத்துக்குரிய ஒலியை 20 படங்கள் முன்கூட்டியே பதித்திருப்பார்கள். கேட்டுக்கும் இந்த உருளைக்கும் நடுவில் அந்த அளவு பிலிம் இருந்தாகவேண்டும். கீழ் லூப்பில் நாலு படம் கூடிப்போனால் நொடியில் ஆறில் ஒரு பங்கு ஒலி பிந்தும். உதடு மூடியபிறகு வார்த்தை வரும். சிவாஜி பேசும்போது அப்படிச் செய்துவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போகமுடியுமா?

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலி காற்றில் வர நேரமாகும். ஒரு படம் ஓடுகிற நேரத்துக்குள் ஒலி சுமார் நாற்பத்தேழு அடிதான் போகும். நீளமான கொட்டகையில் முன் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இரண்டு படம் வித்தியாசம் வந்துவிடும். யாருக்குச் சரியாக வைப்பது? அண்ணாச்சி தரை டிக்கெட்டுக்கு வைப்பார். 'நாற்காலிக்காரன் படத்தப் பாக்க வரல, அவனப் பாக்கணும்னு வந்துருக்கான்' என்பார். நான் பெரிய தியேட்டருக்குப் போனபிறகு நடு வரிசைக்கு வைக்கக் கற்றுக்கொண்டேன். அண்ணாச்சி அதை மன்னிக்கவில்லை.

மாட்டி முடித்தாயிற்று. கடைசிச் சக்கரம், கீழ்ப் பெட்டி, காலி ஸ்பூலில் ஒரு சுற்று. இப்போது கையால் இரண்டு படம் ஓட்டிப் பார்க்கவேண்டும். மோட்டாரைப் போடுவதற்கு முன் இதைச் செய்யாதவர் ஆபரேட்டர் இல்லை. டக், டக். இரண்டு லூப்பும் மூச்சு விடுகிறது, பார்த்தீர்களா? மேலது சுருங்கும்போது கீழது விரிகிறது.

ஒரு காலத்தில் படம் முழுவதையுமே இப்படிக் கையால்தான் ஓட்டினார்கள். 1905ல் திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படங்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார் அல்லவா? பின்னால் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினாரே, அவர்தான். அந்தக் காலத்து மெஷினுக்கு மோட்டார் கிடையாது, கையால் சுற்றவேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டுப் படம், நொடிக்கு இரண்டு சுற்று. தோள் வலித்தால் படத்தில் வருகிற ஏசுநாதரும் மெதுவாக நடப்பார். 1931ல் பேசும்படம் வந்தபிறகு வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றமுடியாது, குரல் இழுத்துவிடும். அன்றைக்கு ஆபரேட்டர் கையிலிருந்து வேகம் போயிற்று. லூப் மட்டும் இன்னும் எண்பது வருஷம் மிஞ்சியது.

டூரிங் டாக்கீஸில் ஒற்றை மெஷின். ரீல் தீரும்போதெல்லாம் இடைவேளைதான். முறுக்குக்காரருக்கு அதில் சந்தோஷம். நிரந்தரத் தியேட்டரில் இரண்டு மெஷின். ஒன்று ஓடும்போது மற்றொன்றில் மாட்டிவைத்து, ஜனத்துக்குத் தெரியாமல் மாற்றவேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். அதைக் கண்டால் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போடவேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு பொட்டு. அப்போது ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்கவேண்டும். பிரிண்ட் ஓடி ஓடிப் பழசாகும்போது ரீலின் முனை தேய்ந்து, அறுந்து, பொட்டே போய்விடும். அப்போது ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரும் ஊசியால் தன் குறியைக் கீறிவைப்பார். பெருக்கல் குறி, வட்டம், சூலம்கூடப் பார்த்திருக்கிறேன். பத்து ஊர் சுற்றிவந்த பிரிண்டில் ரீல் முடியும் இடத்தில் பத்துக் கையெழுத்து இருக்கும். எந்தக் குறியை நம்புவது என்பதற்குத் தனி அனுபவம் வேண்டும். ஒட்டின இடத்தில் ஒலிக்கோட்டின் மேல் கறுப்பு மையால் முக்கோணம் தீட்டியிருந்தால், முந்தின ஊர்க்காரர் தொழில் தெரிந்தவர் என்று நிம்மதியாவேன். அந்த முக்கோணம் இல்லாவிட்டால், இணைப்பு ஓடும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும்.

கார்பனைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு குச்சிகளை முனையோடு முனை தொட்டு இழுத்தால் நடுவில் சூரியன் மாதிரி எரியும். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளி கூடும், வெளிச்சம் நிறம் மாறும். ஆகவே ஒரு கண் திரையில், ஒரு கண் கறுப்புக் கண்ணாடி வழியாகக் குச்சியில். தீர்ந்த துண்டுகளை வாசலில் போட்டால் பையன்கள் பொறுக்கிக்கொண்டு போவார்கள், மேலே செம்பு பூசியிருக்கும். அறுந்த பிலிம் துண்டையும் பொறுக்குவார்கள். பியூஸ்போன பல்பின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வீட்டுச் சுவரில் எம்.ஜி.ஆரைக் காட்டாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களா? ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்கிறேன். லூமியேர் சகோதரர்களும் 1895ல் விளக்கொளியைக் குவிக்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையைத்தான் வைத்தார்கள். அது வெளிச்சத்தைக் குவித்தது, சூட்டையும் உறிஞ்சியது. நம் பையன்கள் யாரிடமும் படிக்காமல் அதைக் கண்டுபிடித்தார்கள்.

சினிமாஸ்கோப் வந்தபோது இன்னொரு தலைவலி சேர்ந்தது. அதற்குத் தனி லென்ஸ். பிலிமில் ஒடுக்கிவைத்த படத்தைப் பக்கவாட்டில் இரண்டு மடங்கு விரிக்கும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல் வந்த ராஜராஜ சோழன். அது எங்கள் பக்கத்துக்கு ஓடித் தேய்ந்து வந்தபோது, நான் சாதாரண லென்ஸை மாற்ற மறந்துவிட்டேன். சோழ மன்னர் பனைமரம் மாதிரி ஒல்லியாகத் திரைக்கு வந்தார். முதலாளி கேபினுக்கு ஏறி வந்து, 'பஞ்சம் வந்துட்டுதா நாட்டுல?' என்று கேட்டார்.

இதையெல்லாம் சொல்வதால் நான் பிலிமுக்காக ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஊருக்கு வந்த பிரிண்ட் எப்படியிருக்கும் தெரியுமா? சென்னையில் நூறு நாள், மதுரையில் ஐம்பது நாள், அப்புறம் எங்களுக்கு. படம் முழுக்க மழை பெய்யும். பாலைவனக் காட்சியிலும் மழை. பாட்டு நடுவில் நாலு வரி போயிருக்கும். பெட்டி பஸ்ஸில் வரத் தாமதமானால் ஜனம் கல்லெறியும். டிஜிட்டல் வந்தபிறகு, இன்றைக்குச் சென்னையில் பார்க்கிற அதே தெளிவில், அதே நாளில், எங்கள் ஊர்ச் சனமும் பார்க்கிறது. அது நியாயம். 2013ல் புஜி கம்பெனி சினிமா பிலிம் செய்வதை நிறுத்தியபோது நான் அழவில்லை. வேலை போனதற்கு அழுதேன், அது வேறு.

எனக்குக் கவலை வேறிடத்தில். முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ், 1931. அதன் பிரிண்ட் இன்று இல்லை. இருக்கிற பழைய பிரிண்டுகள் டப்பாவுக்குள் மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. டப்பாவைத் திறந்தால் காடி வாசம் அடிக்கும். அப்படி அடித்தால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அழுகும்போது சுருங்கும். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே துளையும் பல்லும் ஒத்துப்போகாது. அந்தப் பிலிமைப் பிரதி எடுக்கவோ ஓட்டிப் பார்க்கவோ வேண்டுமானால், அதை எவ்வளவு இறுக்கலாம், எவ்வளவு விடலாம் என்று தெரிந்த விரல் வேண்டும். டப்பாவைக் காப்பாற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள், குளிர் அறைகள் வந்துவிட்டன. விரலை எந்த அறையில் வைப்பது? இந்த மாவட்டத்தில் என் காலத்து ஆபரேட்டர்களில், எனக்குத் தெரிந்து, கை நடுங்காமல் இருப்பவர்கள் நாலு பேர். சங்கத்து நண்பர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மெஷினைத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் வரலாம். கட்டணம் இல்லை, ஆனால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

இப்போது மாட்டியிருப்பது பிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம் ஒன்றின் துண்டு. ஒரு காலத்தில் படத்துக்கு முன்னால் கட்டாயம் இதைப் போடவேண்டும், ஜனம் வெளியே பீடி குடிக்கப் போய்விடும். சுமார் முந்நூறு அடி, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். முன் வரிசையில் இருக்கிறவர்கள் திரையைப் பார்க்காமல் கீழ் லூப்பைப் பாருங்கள். அது சுருங்கினால் சத்தம் போடுங்கள், எனக்குப் பழக்கம்தான். அந்தத் தூணோரம் நிற்கிற தம்பி, உங்களைத்தான், அந்த ஸ்விட்சை அணையுங்கள். மோட்டார் போடுகிறேன்.